கார்த்திகைக்குப் பொருந்துவது ஓரியனுக்குப் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் விண்மீன் கொத்துகளைப் பற்றி வந்த கட்டுரை, 'ஒரு கொத்தில் உள்ள விண்மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்தவை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அதை மறுத்து வந்த வாசகர் கடிதமோ, கடக ராசியில் உள்ள எம்67 கொத்தின் நீல விண்மீன்களைக் காட்டி, 'அங்கே இன்னமும் புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. கொத்துக்கு வயது சொல்வதே தவறு' என்று எதிர்க்கோடிக்குப் போய்விட்டது. இரண்டும் சரியில்லை. இந்த விஷயத்தில் 'ஆம்', 'இல்லை' என்று ஒரு சொல்லில் பதில் கிடையாது. எந்தக் கொத்து, அதன் வயது என்ன, எத்தனை ஆண்டு வித்தியாசம் வரை நம்மால் அளக்க முடியும் என்பதையெல்லாம் சேர்த்துச் சொன்னால்தான் 'ஒரே நேரம்' என்பதற்கே பொருள் வரும்.

விண்மீன்கள் உருவாவது பூஜ்யத்துக்குக் கீழ் 250 பாகைக்கும் குறைவான குளிரில் கிடக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறு மேகங்களில். ஒரு கன சென்டிமீட்டருக்கு 10,000 மூலக்கூறுகள் இருக்கிற பகுதி தன் எடையாலேயே சரிந்து விழ ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள் போதும். அதே மேகத்தில் 100 மூலக்கூறுகள்தான் இருக்கும் விளிம்புப் பகுதிக்கு 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அடர்த்தி பத்தில் ஒன்றானால் காலம் சுமார் மூன்று மடங்கு கூடும் என்பது கணக்கு. மேகம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆகவே மையத்தில் முதலிலும் ஓரத்தில் பிறகுமாகத்தான் வேலை நடக்கும். அதற்குள் சூரியனைப் போல் 20, 30 மடங்கு நிறையுள்ள ஒன்றிரண்டு பிறந்துவிட்டால் கதை முடிந்தது. அவற்றின் புறஊதாக் கதிரும் காற்றும் மிச்சமுள்ள வாயுவைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடும். வாயு இல்லாத இடத்தில் விண்மீன் பிறக்காது. 1 கோடி ஆண்டைத் தாண்டிய திறந்த கொத்துகளைச் (கார்த்திகை போலத் தளர்வாகத் திரண்டவை) சுற்றி மூலக்கூறு வாயு கிட்டத்தட்ட கண்ணில் படுவதே இல்லை. எனவே ஒரு சாதாரணக் கொத்தில் முதல் விண்மீனுக்கும் கடைசி விண்மீனுக்கும் இடையே சில லட்சம் முதல் சில பத்து லட்சம் ஆண்டுகள் வரைதான் இடைவெளி.

இந்த இடைவெளி பெரிதா சிறிதா என்பது நாம் எப்போது பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. பாலாற்றுக் கரையில் 120 நாள் நெல்லை ஒரே வயலில் இரண்டு நாள் முன்பின்னாக விதைத்தால், அறுவடை நேரத்தில் எது முந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. விதைத்த மூன்றாம் நாள் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கார்த்திகைக் கொத்து அறுவடை வயல். அதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு. பிறப்பில் 20 லட்சம் ஆண்டு முன்பின் இருந்தாலும் அது 2 சதவீதத்துக்கும் குறைவு. ஓரியன் நெபுலாவில் (ஒளிரும் வாயு மேகத்தில்) இருக்கும் கொத்து மூன்றாம் நாள் நாற்று. அதன் வயதே 10 முதல் 30 லட்சம் ஆண்டுகள்தான்.

கார்த்திகைக்கு 12 கோடி என்பது எப்படி வந்தது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். நிறை கூடிய விண்மீன் சீக்கிரம் எரிந்து தீரும். சூரிய நிறைக்கு ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. 5 மடங்குக்கு சுமார் 10 கோடி. 10 மடங்குக்கு 2 கோடியைச் சற்றுத் தாண்டும். ஒரு கொத்தின் விண்மீன்களை நிறம் ஒரு அச்சிலும் பொலிவு மற்றொரு அச்சிலுமாகக் குறித்தால், எந்த நிறை வரை விண்மீன்கள் முதன்மை வரிசையை (நடுவில் ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்கள் வரைபடத்தில் நிற்கும் கோட்டை) விட்டு விலகத் தொடங்கிவிட்டன என்பது கோடு வளையும் இடத்தில் தெரியும். அந்தத் திரும்புமுனைதான் கொத்தின் கடிகாரம். கார்த்திகையையும், ரிஷப ராசியில் உள்ள ஹயடீஸ் கொத்தையும் இப்படி வரைந்து டென்மார்க் வானியலாளர் ஹெர்ட்ஸ்ப்ரங் 1911-இலேயே வெளியிட்டார்.

ஆனால் இந்தக் கடிகாரத்தோடு இன்னொரு கடிகாரம் ஒத்துப்போகாமல் நெடுநாள் தகராறு இருந்தது. சிறிய விண்மீன்கள் சுருங்கி முதன்மை வரிசைக்கு வந்து சேர நெடுங்காலம் பிடிக்கும். 10 சூரிய நிறைக்குச் சில லட்சம் ஆண்டு, சூரியனுக்கு 3 முதல் 5 கோடி, சூரியனில் பத்தில் ஒரு பங்குக்குப் பல பத்துக் கோடி. கார்த்திகையின் பெரிய விண்மீன்களின் திரும்புமுனை அன்றைய கணக்கில் 6 முதல் 8 கோடி ஆண்டு என்றது. சிறியவற்றின் சுருக்கமோ அதைவிடக் கூடுதல் வயதைக் காட்டியது. 1962-இல் அமெரிக்க வானியலாளர் ஜார்ஜ் ஹெர்பிக் இதை வைத்து, சிறிய விண்மீன்கள் முதலில் நெடுங்காலம் பிறந்துகொண்டே இருக்கும், பெரியவை கடைசியில் பிறந்து வாயுவைத் துரத்திவிடும் என்று வாதிட்டார். நியாயமான வாதம். அது உண்மையாக இருந்திருந்தால் கார்த்திகையைக்கூட 'ஒரே நேரம்' என்று சொல்ல முடியாமல் போயிருக்கும்.

தீர்த்துவைத்தது லித்தியம். விண்மீனின் நடுவே வெப்பம் சுமார் 25 லட்சம் கெல்வினைத் தொட்டதும் லித்தியம் அழிந்துவிடும். மிகச் சிறியவை முழுக்கக் கலங்கிக் கொதிப்பவை. நடுவில் அழிந்தால் மேற்பரப்பிலும் இருக்காது. நிறை குறையக் குறைய அந்த வெப்பத்தைத் தொட அதிக காலமாகும். ஆகவே ஒரு குறிப்பிட்ட வயதில், ஒரு குறிப்பிட்ட பொலிவுக்கு மேலே லித்தியம் இருக்காது, கீழே இருக்கும். நிறமாலையில் 670.8 நானோமீட்டரில் லித்தியத்தின் கோடு எந்தப் பொலிவில் திடீரென்று தோன்றுகிறது என்று பார்த்தாலே வயது கிடைத்துவிடும். தூசியும் சுழற்சியும் இதை அவ்வளவாகக் குழப்பாது. 1998-இல் கெக் தொலைநோக்கியால் கார்த்திகையின் மங்கலான உறுப்பினர்களைப் பார்த்துச் சொன்ன வயது சுமார் 12.5 கோடி. இடையில் பெரிய விண்மீன்களின் கணக்கும் திருத்தப்பட்டது. அவற்றின் உட்கரு தன் எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதல் ஹைட்ரஜனைக் கலக்கி இழுத்துக்கொள்கிறது என்று சேர்த்ததும் அவற்றின் ஆயுள் நீண்டு, திரும்புமுனை வயதும் 10 கோடியைத் தாண்டி லித்தியத்தோடு நெருங்கிவிட்டது. இரு கடிகாரங்களும் முரண்படவில்லை. ஒன்றைப் படித்த முறைதான் தவறு. விண்மீன்களின் வயது வித்தியாசம் என்று நினைத்தவை பலமுறை இப்படித்தான் நம் மாதிரிகளின் குறையாக முடிந்திருக்கின்றன.

இனி எம்67-இன் நீல விண்மீன்கள். அந்தக் கொத்துக்குச் சுமார் 400 கோடி வயது. திரும்புமுனையில் இருப்பவை சூரியனைவிடச் சற்றே கனமானவை. அவற்றுக்கு மேலே, நீலப் பக்கமாகச் சில விண்மீன்கள் நிற்பது உண்மைதான். அவை பின்னால் பிறந்தவை அல்ல. பிறப்பதற்கு அங்கே வாயுவே இல்லை. இவ்வகையை அமெரிக்க வானியலாளர் ஆலன் சாண்டேஜ் 1953-இல் எம்3 என்ற கோளக் கொத்தில் (லட்சக்கணக்கான பழைய விண்மீன்கள் பந்துபோல் திரண்ட கொத்தில்) முதலில் குறித்தார். இணையாகச் சுற்றும் இரண்டில் ஒன்று வீங்கி, தன் வாயுவை மற்றதன் மேல் கொட்டும். அல்லது இரண்டும் ஒன்றாகிவிடும். வாங்கிக்கொண்டது கனமாகி, நீலமாகி, வயது குறைந்ததுபோல் தோன்றும். இதற்கு நேரடிச் சாட்சியும் உண்டு. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள புறஊதாத் தொலைநோக்கியைக் கொண்டு, என்ஜிசி 188 என்ற பழைய கொத்தில் இப்படிப்பட்ட ஒரு நீல விண்மீனுக்குப் பக்கத்தில் வாயுவைக் கொடுத்துவிட்டுச் சுருங்கிவரும் சூடான துணை இருப்பதை இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் 2016-இல் கண்டார்கள். காவலூர் வான்நோக்ககத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான். நம் வட்டார வாசகருக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல.

ஓரியனில் நிலைமை வேறு. மிருகசீரிடத்துக்கும் திருவாதிரைக்கும் தெற்கே, ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் வாளின் நடுவில் மங்கலாகத் தெரியும் அந்த ஒளித்திட்டு சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சிறு தொலைநோக்கியில் நடுவே நான்கு விண்மீன்கள் சரிவகமாகத் தெரியும். அவற்றில் பெரியது சூரியனைப்போல் 30 மடங்குக்கு மேல் நிறை கொண்டது. அந்த நிறைக்கு ஆயுளே சில பத்து லட்சம் ஆண்டுகள்தான் என்பதால் அது பழையதாக இருக்க வழியில்லை. நெபுலாவுக்குப் பின்னால் இருண்ட மேகத்தில் அகச்சிவப்புக் கதிரில் மட்டும் தெரிகிற, இன்னும் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் உண்டு. வாளை விட்டு வடக்கே வேட்டைக்காரனின் இடுப்பு வழியாகத் தோள் பக்கம் போனால், அதே மேகக் குடும்பத்தில் பிறந்து 1 கோடி ஆண்டை நெருங்கியவையும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கொத்து என்று வளையம் போட்டால் வயது வித்தியாசம் பெரிதாகத்தான் வரும். வளையத்தைச் சுருக்கினால் வித்தியாசமும் சுருங்கும். மேகத்துக்குள் கலக்கம் விநாடிக்கு 1 கிலோமீட்டர் அளவில் நகர்கிறது என்று கொண்டால், 10 லட்சம் ஆண்டில் அது கடப்பது 3 ஒளியாண்டுக்குச் சற்று மேல். அவ்வளவு சிறிய இடம் ஏறக்குறைய சேர்ந்து பிறக்கும். 100 ஒளியாண்டு அகலம் சேர்ந்து பிறக்காது.

2017-இல் ஒரு குழு ஓரியன் நெபுலாக் கொத்தின் நிற-பொலிவு வரைபடத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று தனித்தனிக் கோடுகளைக் கண்டது. மூன்று முறை அலை அலையாகப் பிறப்பு நடந்தது, இடைவெளி 10 லட்சம் ஆண்டுக்கும் குறைவு என்று படிக்கலாம். ஆனால் இங்கேதான் பொறி. இளம் விண்மீனின் ஒளி வயதோடு மெல்லக் குறைகிறது. தோராயமாக, ஒளியை இரு மடங்காகத் தவறாக எடுத்தால் வயது மூன்றில் ஒரு பங்காகிவிடும். பிரித்தறிய முடியாத ஒரு இரட்டை விண்மீன் தனி விண்மீனைவிட 0.75 பொலிவு அளவு கூடுதலாகத் தெரியும். அது சரியாக இரு மடங்கு ஒளி. ஆகவே 30 லட்சம் ஆண்டு இரட்டை, 10 லட்சம் ஆண்டுத் தனி விண்மீனைப்போல நடிக்கும். மூன்று கோடுகள் மூன்று தலைமுறையா, அல்லது தனி, இரட்டை, மூவிணையா என்ற கேள்வியை அந்தக் குழுவே எழுப்பியது. இதோடு இளம் விண்மீனைச் சுற்றியுள்ள வாயு-தூசித் தட்டின் நிழல், மேலே விழும் வாயுவின் சூடான புள்ளிகள், திட்டுத் திட்டான தூசி, மாதத்துக்கு மாதம் மாறும் பொலிவு எல்லாம் சேரும். ஓரியனில் வயது வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் தெரியும் விரிவு முழுவதையும் அந்தக் கணக்கில் எழுதினால் அது மிகை.

இதே தவறு நடுத்தர வயதுக் கொத்துகளிலும் நடந்தது. நம் பால்வீதிக்கு அருகே உள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் 100 முதல் 200 கோடி ஆண்டு வயதுள்ள சில கொத்துகளில் திரும்புமுனை கூர்மையாக இல்லாமல் அகன்றிருப்பதை ஹபிள் படங்கள் காட்டின. பிறப்பே 30 கோடி ஆண்டுவரை நீடித்தது என்றார்கள் சிலர். வேகமாகச் சுழலும் விண்மீன் நடுப்பகுதியில் உப்பி, அங்கே குளிர்ந்து, நாம் பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறித் தெரியும் என்பதைச் சேர்த்ததும் அந்த விரிவுக்குப் பெருமளவு விளக்கம் கிடைத்துவிட்டது. முடிவாக நம்ப வைத்தது ஓர் எளிய ஒப்பீடு: கொத்தின் வயது கூடக் கூட இந்தப் 'பிறப்புக் கால விரிவு'ம் கூடிக்கொண்டே போனது. நிஜமான பிறப்பு இடைவெளி என்றால் அது வயதைப் பார்த்து வளராது. ஆகஸ்ட் இரவுகளில் நம் ஊரிலிருந்து பைனாகுலரில் தெரியும் எம்11-இலும் இந்த அகலம் உண்டு, அதற்கும் காரணம் சுழற்சிதான்.

கோளக் கொத்துகளைக் கட்டுரை தொடவே இல்லை. உண்மையில் சிக்கல் அங்கேதான் அதிகம். மே மாதக் கடைசியில் இரவு ஒன்பதரை மணி வாக்கில் வேலூரிலிருந்து நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து நிற்கும். அதில் இரும்பின் அளவே விண்மீனுக்கு விண்மீன் மாறுகிறது. ஒரு தலைமுறை வெடித்துச் சிதறியதை அடுத்த தலைமுறை வாங்கிக்கொண்டதற்கான தடயம் அது. சிதைந்த ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் கருவாக இருக்கலாம் என்று பலர் கருதுவதால் அதை விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் என்ஜிசி 2808 என்ற கோளக் கொத்தில் முதன்மை வரிசை மூன்றாகப் பிரிவதை 2007-இல் ஹபிள் காட்டியபோது 'ஒரே கொத்து, ஒரே தலைமுறை' என்ற பாடம் ஆட்டம் கண்டது. ஹீலியத்தின் அளவு வேறு வேறு என்பது தெளிவு. கால இடைவெளி எவ்வளவு என்பதைத் திரும்புமுனையிலிருந்து எடுக்க முடியாது. 1,200 கோடி ஆண்டு வயதில் அந்த முறையின் பிழையே சில பத்துக் கோடி ஆண்டு. 5 கோடி ஆண்டு இடைவெளி அதில் காணாமல் போய்விடும்.

இதையெல்லாம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைக் கல்லூரி மாணவர்கள் ஒரு கணினியில் தாங்களே சரிபார்க்கலாம். விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த ஐரோப்பாவின் கையா செயற்கைக்கோளின் மூன்றாம் தரவு வெளியீடு 2022 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. வரைய டாப்கேட் என்ற இலவச மென்பொருள் போதும். கார்த்திகைக்கு மையம் (வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை போன்ற அளவுகளில்) வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் +24.1, அதைச் சுற்றி 3 பாகை ஆரம். இடமாறு (பாரலாக்ஸ்: பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம், தூரத்தைச் சொல்வது) 6.5 முதல் 8.5 மில்லி ஆர்க் விநாடி வரை. சொந்த இயக்கம் (விண்மீன் வானத்தில் நகரும் வேகம்) ஆண்டுக்குக் கிழக்கே 15 முதல் 25 மில்லி ஆர்க் விநாடி, வடக்கு-தெற்கில் கழித்தல் 40 முதல் கழித்தல் 50. இந்த வடிகட்டல் இல்லாமல் வரைந்தால் பின்னணி விண்மீன்கள் புகுந்து, கொத்தில் எல்லா வயதும் இருப்பதாகத் தோன்றும். பழைய புத்தகங்களில் உள்ள பல விசித்திரங்களுக்கு இதுதான் காரணம். தரவைச் சில வழிகளில் கேட்டால் 2,000 வரியோடு நின்றுவிடும். பட்டியல் சரியாக 2,000-இல் முடிந்தால் அது அறுபட்ட பட்டியல். பிறகு ஜி பொலிவோடு இடமாறின் பத்தடி மடக்கையை ஐந்தால் பெருக்கிக் கூட்டி 10-ஐக் கழித்தால் உண்மைப் பொலிவு. அதை நீலம் கழித்தல் சிவப்பு நிறத்துக்கு எதிராக வரைந்து, இத்தாலியின் படுவா வான்நோக்ககத் தளத்தில் கிடைக்கும் சமவயதுக் கோட்டை (ஒரே வயதுள்ள விண்மீன்கள் நிற்க வேண்டிய கோட்டை) மேலே போடுங்கள்: வயதின் மடக்கை 8.1, சூரியனின் உலோக அளவு, தூசி மறைப்பு 0.12.

முதன்மை வரிசைக்கு இணையாக 0.75 மேலே இன்னொரு மெல்லிய கோடு தெரியும். அது இரட்டைகள், இளையவை அல்ல. கீழே செந்நிறக் கோடியில் சமவயதுக் கோடு விண்மீன்களை விட்டு விலகும். குளிர்ந்த சிறு விண்மீன்களுக்கு மாதிரிகள் இன்னும் சரியாக இல்லை என்பதால், அந்த முனையை வைத்து வயது சொல்லக் கூடாது.

எம்67-க்கு ஆரம் அரைப் பாகை, இடமாறு 1.0 முதல் 1.3, சொந்த இயக்கம் கழித்தல் 11.0, கழித்தல் 2.9 என்ற புள்ளியைச் சுற்றி 0.8-க்குள், மடக்கை 9.6. இங்கே ஒவ்வொரு விண்மீனுக்கும் தனித்தனியாக இடமாறு போட்டால் பிழை கூடி வரைபடம் கலைந்துவிடும். கொத்து முழுமைக்கும் சராசரி இடமாறு ஒன்றை எடுத்து, கையாவின் பூஜ்யப் பிழைக்காக 0.03 அளவு கூட்டிக்கொள்ள வேண்டும். கார்த்திகையில் அந்தத் திருத்தம் பொருட்டல்ல. இங்கே 3 சதவீதம். ஓரியனுக்கு மட்டும் இந்தப் பயிற்சியைக் கொடுக்க வேண்டாம். நெபுலாவின் ஒளி கையாவின் நிற அளவுகளில் கலந்து, இல்லாத வயது வித்தியாசத்தை உண்டாக்கும்.

கண்ணால் பார்க்க விரும்புவோருக்கு: மார்ச் 20 வாக்கில் இரவு ஒன்பதே கால் மணிக்கு எம்67 வேலூரின் நேர் உச்சிக்கு ஒரு பாகை தெற்கே வரும். காற்றின் கனம் மிகக் குறைவாக இருக்கும் இடம் என்பதால் நிறம் அளக்கவும் இதைவிட வசதியான கொத்து நமக்கு இல்லை. பூசத்தில் உள்ள கொத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தெற்கே 8 பாகை இறங்கினால், ஊர் விளக்கை விட்டுத் தள்ளி 10×50 பைனாகுலரில் புகைத்திட்டாகக் கிடைக்கும்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையுடன் வந்த படத்தில் ரோகிணியை ஹயடீஸ் கொத்தின் மூத்த விண்மீன் என்று குறித்திருக்கிறீர்கள். ஹயடீஸ் 150 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ரோகிணி 65 ஒளியாண்டிலேயே, நடுவழியில் நிற்கிறது. அந்தக் கொத்தோடு அதற்குப் பிறப்பிலும் தொடர்பில்லை, இயக்கத்திலும் இல்லை.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.